லேசான மறதி உள்ள அம்மாவுக்கு வீட்டிலேயே என்ன பயிற்சி கொடுக்கலாம்?

வெறும் நடையும் நல்லதுதான். அதோடு யோசனையும் சேர்ந்தால் மூளைக்குக் கூடுதல் வேலை. தரையில் டேப் ஒட்டி 25 செ.மீ. கட்டங்கள் போடுங்கள், அகலத்துக்கு 4, நீளத்துக்கு 6. நீங்கள் மிதித்துக் காட்டிய வரிசையை அவர் நினைவில் வைத்து மிதிக்க வேண்டும். முதலில் 2 காலடி. தவறாமல் வந்தால் 4. வாயால் விளக்கினால் குழம்புவார், செய்தே காட்டுங்கள்.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும்போது தேக்கா சந்தைக் காய்கறிகளைச் சொல்லச் சொல்லலாம். பேச ஆரம்பித்ததும் கால் நின்றாலோ தள்ளாடினாலோ கேள்வி கடினம், அதை எளிதாக்குங்கள். (100இலிருந்து 7 கழிப்பதெல்லாம் வேண்டாம், பரீட்சையாகிவிடும்.)

20 நிமிடம், வாரம் 3 நாள். பிடித்துக்கொள்ளக் கனமான நாற்காலி அருகில் இருக்கட்டும். ஓரம் கிளம்பிய டேப்பும் சிலிப்பரும் தடுக்கிவிடும். அண்மையில் விழுந்திருந்தால் முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள்.