தடுப்பூசி யாருடையது, தண்ணீர் யாருடையது?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் பதில் அளிக்கிறார்

கேள்வி: குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசியைக் கொடுப்பது மத்திய அரசு என்கிறார் என் கணவர். மாநில அரசு என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி? (வாசகி, தேனி)

இருவருக்கும் பாதி மதிப்பெண் போடுங்கள் அம்மா. மருந்தை வாங்கித் தருவது மத்திய அரசு. அதை மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம் என்று இறக்கி, குழந்தைக்குப் போடுவது மாநில அரசு. வழி முழுக்க 2 முதல் 8 டிகிரி வரை குளிர் இருந்தாக வேண்டும். புதன்கிழமை காலையில் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிப் பெட்டியைத் தயார் செய்வதைப் பாருங்கள். உறைந்த ஐஸ் பேக்கை எடுத்தவுடன் உள்ளே வைக்க மாட்டார். மேசைமேல் வியர்க்க விட்டு, காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகே நான்கு ஐஸ் பேக்கும் பெட்டிக்குள் போகும். அவசரப்பட்டால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் மருந்து உறைந்து வீணாகிவிடும். ஊசி போடும் இடம் பல ஊர்களில் அங்கன்வாடி. அது வேறு துறை! மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: சுகாதாரம் மாநிலப் பட்டியலில்தானே இருக்கிறது? மத்திய அரசுக்கு அதில் என்ன வேலை? (கல்லூரி மாணவர், மதுரை)

அரசியலமைப்பு அதிகாரங்களைப் பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறது. அதில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியல்தான். ஆனால் மருத்துவக் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு, மாநிலம் விட்டு மாநிலம் தொற்று பரவாமல் தடுப்பது ஆகியவை இரு அரசுகளுக்கும் பொதுவான பொதுப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலைவிடப் பெரிய கதவு பணம். தேசிய சுகாதார இயக்கத்தின் செலவில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. வடகிழக்கு மாநிலங்களுக்கு 90க்கு 10. பணம் வந்தால் கூடவே படிவமும் நிபந்தனையும் வரும்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், ஆயுஷ்மான் பாரத் இரண்டுக்கும் தனித்தனியாக அலைய வேண்டுமா? (வாசகர், சேலம்)

வேண்டாம். தமிழ்நாட்டில் 2018 முதல் இரண்டும் இணைந்தே நடக்கின்றன. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. எந்தக் குடும்பத்துக்கு யார் எவ்வளவு பிரீமியம் கட்டுவது என்பது அரசுகளுக்குள் உள்ள கணக்கு. படுக்கையில் இருப்பவருக்கு அந்தக் கவலை எதற்கு?

கேள்வி: எங்கள் தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஊராட்சியைக் கை காட்டுகிறார்கள். ஊராட்சியில் கேட்டால் சுகாதாரத் துறையை! (வாசகர், திருவாரூர் மாவட்டம்)

இந்தப் பந்தாட்டத்தைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான். கேட்டாலே இன்றும் கோபம் வருகிறது. பல ஊர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் தொட்டி வரை தண்ணீர் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதும், பிளீச்சிங் பவுடர் கலப்பதும், உடைந்த குழாயை மாற்றுவதும் ஊராட்சி. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்பது நாங்கள் வைத்திருந்த கணக்கு. நோயாளிகளைப் பார்ப்பதும் தண்ணீரைச் சோதிப்பதும் சுகாதாரத் துறை.

நான் போனால் தொட்டியடிக் குழாயைத் தொடவே மாட்டேன். தெருவின் கடைசிக் குழாய்க்குத்தான் போவேன். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப் குழலில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவில்லை என்றால் குளோரின் அங்கே வந்து சேரவில்லை. பிறகு குழாய் சாக்கடைக்குள் மூழ்கிச் செல்லும் இடத்தைத் தேடுவேன். கண்டுபிடித்தாலும் ஆய்வாளர் ஊராட்சிக்கு எழுதத்தான் முடியும். குழாயை மாற்றும் நிதி அவரிடம் இல்லை.

ஆகவே வாய்மொழியாகக் கேட்காதீர்கள். நோயுற்றவர்களின் கதவு எண், நோய் தொடங்கிய தேதி இரண்டையும் எழுதி வட்டார மருத்துவ அலுவலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றின் நகல் மற்றவருக்குப் போனது மனுவிலேயே தெரியட்டும். இரு துறைகளையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கக்கூடியவர் மாவட்ட ஆட்சியர். வயிற்றுப்போக்குக்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள், மனு கொடுத்த அன்றே அவருக்கும் அனுப்புங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு இல்லை.