மழைக்கு மறுநாள் அடையாற்றில் மீன் சாவது: விஷமா?

விஷமாக இருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் செத்திருக்கும். கோடை முழுக்க அதே சாக்கடைத் தண்ணீரில் பிழைத்த ஜிலேபி மீன், ஒரு மழைக்கு எப்படிக் கூட்டமாகச் சாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மழைதான் ஆபத்தே. மழைநீர் வடிகாலில் மாதக்கணக்கில் தேங்கிய கழிவு, ஆற்றடியில் கிடக்கும் கறுப்புச் சேறு எல்லாம் ஒரே நேரத்தில் கலங்கி வர, அதைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மேகமூட்டம் வேறு இருந்தால் பாசி பகலிலும் போதுமான ஆக்சிஜன் தராது.

சரி, எப்படி உறுதி செய்வது? விடியற்காலையில் போய்ப் பாருங்கள், ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். மிச்ச மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கும், செத்தவற்றின் செவுள் மூடி விரிந்திருக்கும். மீன்தொட்டிக் கடையில் ஆக்சிஜன் சோதனை கிட் கிடைத்தால் இன்னும் நல்லது: அளவு மிகக் குறைவாகக் காட்டினால் மூச்சு முட்டியதுதான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வெளிக்காற்றைச் சுவாசிப்பவை, ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளித்துவிடும். அவையும் சேர்ந்து மிதந்தால் நான் சொன்னது தப்பு. அம்மோனியாவோ ஆலைக் கழிவோ இருக்கலாம். அப்போது சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸில் வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே புகார் கொடுங்கள், ஆறு ஓடிவிட்டால் தடயமும் போய்விடும்.

அப்புறம், எந்தக் காரணமானாலும் அந்த மீனைச் சமைக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் கன உலோகம் போகாது.