எதைத் தள்ளிவிட்டு ராக்கெட் மேலே போகிறது?

சின்னப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டி ராக்கெட்டைப் புரியவைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், பையனுக்கு ஆறு வயது. எதில் ஆரம்பிக்கலாம்?

பலூனில். நூலில் ஒரு ஸ்ட்ராவைக் கோத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டுங்கள். பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் வாயை விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ராவோடு டேப் போட்டு ஒட்டுங்கள். விடுவதற்கு முன், “எந்தப் பக்கம் போகும்?” என்று கேளுங்கள். விளக்கமெல்லாம் அப்புறம்.

கேள்வி: பலூனிலிருந்து வரும் காற்று வெளிக்காற்றைத் தள்ளுவதால்தானே அது ஓடுகிறது? என் மகள் அப்படித்தான் சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இல்லைங்க. ஆனால் வெட்கப்பட வேண்டாம். 1920இல் நியூயார்க் டைம்ஸே இங்கேதான் சறுக்கியது. காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளும் என்று அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்டைக் கிண்டலடித்துத் தலையங்கம் எழுதியது. திருத்தம் வந்தது 1969 ஜூலையில், அப்பல்லோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது. பாவம், கோடார்ட் 1945இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றில் இருப்பதைத்தான். சக்கரம் வைத்த நாற்காலியில் மகளைக் காலைத் தூக்கி உட்காரவைத்து, அரிசி நிரப்பிய பை ஒன்றை வேகமாக வீசச் சொல்லுங்கள் (நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்). நாற்காலி பின்னால் நகரும். பை எதன்மேலும் மோதுவதற்கு முன்பே நகர்ந்துவிடும். அவள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: தண்ணீர் ராக்கெட்டில் (பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பம்பால் காற்றடித்துப் பறக்கவிடுவது) தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை மட்டும் அடித்தால் கொஞ்சம்தான் எழும்புகிறது. ஏன்?

காற்று லேசு. வீசுவதற்குக் கனமாக ஏதாவது வேண்டாமா? அதே அரிசிப் பை கதை. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில் தொடங்கி, கூட்டியும் குறைத்தும் பிள்ளைகளே பார்க்கட்டும். ரொம்ப நிரப்பினால் காற்றுக்கு இடமிருக்காது, அதுவும் எழும்பாது. பம்ப் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான், கண்ணாடி கூடவே கூடாது. குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள்; ஒரு தடவை அப்படிப் பார்த்ததில் என் மூக்குக்கண்ணாடி போனது.

கேள்வி: காகித ராக்கெட் குட்டிக்கரணம் போடுகிறதே?

வாலில் இறக்கை ஒட்டுங்கள், மூக்கில் கொஞ்சம் களிமண் வையுங்கள். தீபாவளி ராக்கெட்டில் இருக்கும் நீளக் குச்சியும் இந்த வேலைக்குத்தான்.

கேள்வி: நியூட்டனின் மூன்றாம் விதியை எப்போது சொல்வது?

இப்போது வேண்டாம். “நீ தள்ளினால் அதுவும் உன்னைத் தள்ளும்” என்பது போதும். விதியைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பலூனைக் காட்டி, எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள்.