எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கும் வேலையை டைம்லாப்ஸாக எடுப்பது எப்படி?

கேள்வி: கேரேஜில் ஒரு கார் எஞ்சினை இறக்கி, முழுதாகப் பிரித்து, மறுபடி கோர்க்கப் போகிறேன். வார இறுதிகளில் மட்டும்தான் வேலை, சில மாதம் இழுக்கும். மொத்தத்தையும் ஐந்து நிமிட டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும்) வீடியோவாக ஆக்க ஆசை. போனில் சோதித்துப் பார்த்தால் என் முதுகுதான் தெரிகிறது, வெளிச்சமும் துடிக்கிறது. கேமராவை எங்கே வைப்பது, எத்தனை நொடிக்கு ஒரு படம் எடுப்பது?

பதில்:

முதுகிலிருந்தே ஆரம்பிக்கலாம். மற்ற குறைகளையெல்லாம் செட்டிங் மாற்றி ஓரளவு சமாளிக்கலாம். தப்பான இடத்தில் வைத்த கேமராவை எந்த எடிட்டிங் மென்பொருளும் காப்பாற்றாது.

எஞ்சின் காருக்குள் இருக்கும்போது நீங்கள் முன்பக்கம் நின்றோ ஃபெண்டர் மேல் சாய்ந்தோ குனிவீர்கள். கேமரா உங்களுக்குப் பின்னால் இருந்தால் சட்டை தெரியும், நேர் மேலே இருந்தால் மண்டை தெரியும். எஞ்சினை இறக்க பானெட்டை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். அதை முதல் நாளே கழற்றிவிடுங்கள். பிறகு நீங்கள் அதிகம் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்க மூலையில், உங்கள் தலைக்கு மேலே ஓரடி உயரத்தில், சுமார் 45 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்குமாறு கேமராவை வையுங்கள். இப்போது உங்கள் கையும் முகமும் கேமராவை நோக்கி இருக்கும், எஞ்சின் நடுவில் இருக்கும். எஞ்சின் ஸ்டாண்டுக்கு, அதாவது அதைத் தாங்கிச் சுழற்றும் சட்டத்துக்குப் போன பிறகு கணக்கு மாறும். ஸ்டாண்டு பொதுவாக ஃபிளைவீல் பக்கம்தான் மாட்டப்படும். அதனால் டைமிங் செயின் இருக்கும் முன்முகத்தை முக்கால் கோணத்தில் பார்க்கும்படி வையுங்கள். பிளாக்கைத் தலைகீழாகத் திருப்பினாலும் அது ஃபிரேமுக்குள்ளேயே சுழலும், வெளியே ஓடாது.

லென்ஸ் ரொம்ப அகலமாக இருந்தால் கேரேஜ் முழுக்க விழும், எஞ்சின் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். ஃபிரேமின் பாதியையாவது எஞ்சின் அடைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான வேலையைத் தொடங்கும் முன் ஸ்பேனரோடு பத்து நிமிடம் சும்மா நடமாடி, எடுத்ததை ஓடவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் நின்றால் மறைக்கிறது என்று தெரிந்ததும் தரையில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் போதும்.

தரையில் நிற்கும் ட்ரைபாட் கேரேஜுக்கு ஒத்துவராது. ஏர் ஹோஸ் இழுக்கும், காருக்கடியில் படுத்து நகரும் கிரீப்பர் பலகை இடிக்கும், மூன்றாம் நாள் யாராவது காலால் தட்டிவிடுவார்கள். சுவரில் திருகிய பிராக்கெட்டோ, கூரைச் சட்டத்தைக் கவ்வும் கிளாம்போ நல்லது. எஞ்சினுக்கு மேலே எதைத் தொங்கவிட்டாலும் கூடவே ஒரு பாதுகாப்புக் கம்பி கட்டுங்கள். திறந்த சிலிண்டருக்குள் கேமரா திருகு விழுந்தால் இரண்டு வேலையும் கெடும். சுத்தியல் அடிக்கும் மேசையிலும், கம்ப்ரசர் ஒட்டி நிற்கும் அலமாரியிலும் மாட்டாதீர்கள். அதிர்வில் படம் படமாக நடுங்கும்.

வாரத்துக்கு ஒருமுறை வேலை என்றால் பிராக்கெட்டை அசைக்கவே கூடாது. குயிக் ரிலீஸ் தட்டிலிருந்து கேமராவை மட்டும் எடுத்து, அதே தட்டில் திருப்பி மாட்டுங்கள். ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த வாரம் தொடங்கும்போது, கடைசிப் படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு சுவர் மூலை, ஸ்விட்ச் பெட்டி, தரைக்கோடு என்று மூன்று புள்ளிகளை ஒப்பிடுங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் பரவாயில்லை. 4கே ஃபிரேமுக்கு 8.3 மெகாபிக்சல்தான் தேவை. 20 அல்லது 24 மெகாபிக்சலில் எடுத்தால் நகர்த்திச் சரிசெய்ய ஓரங்களில் தாராளமாக இடம் இருக்கும்.

அடுத்து இடைவெளி. பாடப்புத்தகக் கணக்கு எளிது. ஐந்து நிமிடம், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 7,500 படம். உண்மையான வேலை 40 மணி நேரம், அதாவது 1,44,000 நொடி என்று வைத்தால், வகுத்தால் 19 நொடிக்கு ஒரு படம் வருகிறது. அப்படி எடுக்காதீர்கள். 19 நொடியில் ஒரு போல்ட் கழன்று தட்டுக்குப் போய்விடும். இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பவருக்குப் புரியாது, ஆள் மட்டும் அங்கங்கே தோன்றி மறைவார். 5 நொடிக்கு ஒன்று எடுங்கள். மொத்தம் 28,800 படம், 19 நிமிடச் சொச்சம் ஓடும். அதில் முக்கால் பங்கை வெட்டுவதுதான் எடிட்டிங். ஸ்பேனர் தேடுவது, போன் பேசுவது, துருப்பிடித்த ஒரே போல்ட்டோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுவது எல்லாம் போய்விடும். (அந்த மல்லுக்கட்டில் மட்டும் ஒரு நொடியை விட்டுவையுங்கள், வேலை தெரிந்தவர்கள் ரசிப்பார்கள்.) நெருக்கமாக எடுத்துவிட்டுப் பிறகு படங்களைக் கழிக்கலாம், எடுக்காத படத்தைக் கொண்டுவர வழியில்லை.

ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே இடைவெளி வேண்டாம். ஹாய்ஸ்டில் (எஞ்சினைத் தூக்கும் கருவி) எஞ்சின் மேலே எழும்பும் கால் மணி நேரம்தான் வீடியோவின் உச்சம். அங்கே 2 நொடி வையுங்கள். 450 படம், 18 நொடி கிடைக்கும். பாகங்களைக் கழுவுவது, கேஸ்கட் பிசிறைச் சுரண்டுவது போன்றவற்றுக்கு 10 நொடி தாராளம். பெயின்ட் காய்கிறது என்றால் கேமராவை நிறுத்திவிடுங்கள், அதில் பார்க்க எதுவும் இல்லை.

சிலிண்டர் ஹெட் போன்ற நுணுக்கமான கட்டங்களுக்கு நேர இடைவெளி முறையே சரிவராது என்பது என் கருத்து. 16 வால்வு ஹெட்டில் 16 வால்வு, 16 ஸ்பிரிங், 32 காட்டர் (ஸ்பிரிங்கை வால்வில் பூட்டும் சின்னத் துண்டு) இருக்கும். எல்லாமே கைக்கு அடியில் மறைந்துபோகும். அங்கே ரிமோட்டுக்கு மாறுங்கள். ஒரு பாகத்தைக் கழற்றி, வெள்ளைத் துணி மேல் வரிசையில் வைத்து, கையை ஃபிரேமைவிட்டு எடுத்து, ஒரு படம். அடுத்த பாகம், அடுத்த படம். எடிட்டில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் ஓடவிட்டால் வால்வுகள் தாமாகவே எழுந்து வந்து வரிசையில் நிற்கும். ஒளியும் கேமராவும் ஒரு துளி அசையக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ரிமோட்டை ஜிப் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கை அதன் பொத்தானைச் சீக்கிரம் கெடுக்கும். காலால் மிதிக்கும் ஸ்விட்ச் கிடைத்தால் இன்னும் வசதி. பிரிப்பதை மட்டும் எடுத்துவிட்டு, கோர்ப்பதற்கு அதையே பின்னோக்கி ஓட்டும் குறுக்குவழி வேண்டாம். கரி படிந்த பிஸ்டன் அப்படியே உள்ளே போவதைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

இனி வெளிச்சத் துடிப்பு. இதற்கு நான்கு காரணம் உண்டு, நான்கும் சேர்ந்தே வரலாம். முதலாவது ஆட்டோ எக்ஸ்போஷர். நீங்கள் வெள்ளைச் சட்டையோடு குனிந்தால் கேமரா படத்தை இருட்டாக்கும், நகர்ந்தால் வெளிச்சமாக்கும். ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் அனைத்தையும் மேனுவலில் பூட்டுங்கள். கேமரா பிராக்கெட்டில் உறுதியாக நின்றால் ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது மின்விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எரியும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. ஷட்டர் 1/500 என்று வைத்தால் ஒரு படம் உச்சத்தில் விழும், அடுத்தது பள்ளத்தில் விழும். அரை நொடி வைத்தால் ஐம்பது துடிப்பும் ஒரே படத்தில் கலந்து சமமாகிவிடும். மெதுவான ஷட்டரால் இன்னொரு ஆதாயமும் உண்டு: அசையும் கை லேசாகக் கலங்கி விழும், ஓடும்போது வெட்டி வெட்டித் தெரியாது. நல்ல வெளிச்சமுள்ள கேரேஜில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, அரை நொடி என்பது தொடங்குவதற்குச் சரியான இடம். 2 நொடி இடைவெளியில் இதைத் தாண்டி முக்கால் நொடிக்கு மேல் போக வேண்டாம். படத்தை எழுதி முடிக்கவும் கேமராவுக்கு நேரம் வேண்டும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. டிஎஸ்எல்ஆர் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அப்பெர்ச்சர் இதழ்களை மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் மூடும். தனிப் படத்தில் தெரியாத அந்த வித்தியாசம் நொடிக்கு 25 படம் ஓடும்போது பளிச்சென்று துடிக்கும். அப்பெர்ச்சரைக் கையால் திருப்பும் பழைய லென்ஸ் போட்டால் பிரச்சினையே இல்லை. இல்லையென்றால் அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்துவைத்து எடுக்கலாம். இதழ்கள் அசையவே அசையாது. வெளிச்சம் கூடுவதை ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் போட்டுச் சரிக்கட்டலாம். ஆக்‌ஷன் கேமரா, போன் இரண்டிலும் பெரும்பாலும் அப்பெர்ச்சர் அசையாது.

நான்காவது, வெயில். கேரேஜ் கதவைத் திறந்து வைத்து எடுத்தால் மேகம் போவதும் வருவதும் எஞ்சின் மேல் ஓடும். ஜன்னலை மறைத்து விளக்கை மட்டும் நம்புங்கள். ஆனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் எந்தக் கட்டத்திலும் கதவு திறந்தே இருக்க வேண்டும். அங்கே புகைக்குத்தான் முதல் மரியாதை. இரண்டு எல்இடி விளக்கை எஞ்சினை நோக்கி நேராக அடிக்காமல் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி வைத்தால், எண்ணெய்ப் பளபளப்பு கண்ணைக் குத்தாது, உங்கள் நிழலும் வேலை மேல் விழாது.

போனில் துடித்ததற்கு முதல் சந்தேகம் ஆட்டோ எக்ஸ்போஷர்தான். போதாததற்கு, ஐஃபோனின் உள்ளமைந்த டைம்லாப்ஸ் நீங்கள் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சுமார் 20 முதல் 40 நொடிக்குள் வருமாறு படங்களைக் கழித்துக்கொண்டே போகும். அதனால் அரை மணி நேர வேலையும் ஐந்து மணி நேர வேலையும் வெவ்வேறு வேகத்தில் ஓடும், சேர்த்து ஒட்ட முடியாது. இடைவெளியையும் ஷட்டரையும் நீங்களே தீர்மானிக்கும் செயலி இருந்தால் பழைய போனே போதும்.

28,800 படம் என்பது மெக்கானிக்கல் ஷட்டருக்குச் சின்னக் கணக்கு அல்ல. பல டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் ஒன்று முதல் இரண்டு லட்சம் படத்துக்கு மதிப்பிடப்பட்டது. மிரர்லெஸ் என்றால் எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறுங்கள், தேய்மானமே இல்லை. இடம் என்று பார்த்தால், படத்துக்கு 5 எம்பி ஜேபெக் என்றால் 144 ஜிபி. 25 எம்பி ரா (சுருக்கிப் பதப்படுத்தாத மூலக் கோப்பு) என்றால் 720 ஜிபி. ஒளி மாறாத கேரேஜுக்கு ரா தேவையில்லை. மின்சாரத்துக்கு டம்மி பேட்டரி அடாப்டர்தான் (பேட்டரி இடத்தில் பொருந்தி சுவர் மின்சாரத்தைத் தருவது) நம்பகமானது. பவர் பேங்க் வைத்தால் கவனம்: படங்களுக்கு இடையில் கேமரா இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, சில பவர் பேங்குகள் வேலை முடிந்ததென்று நினைத்து அணைந்துவிடும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம். கிரைண்டர் பொறி கண்ணாடியில் உருகி ஒட்டும், துடைத்தால் போகாது. லென்ஸுக்கு முன் ஒரு மலிவான யூவி ஃபில்டர் போட்டு, கெட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். எரிபொருள் குழாயைக் கழற்றும் நாளில் எக்ஸ்டென்ஷன் பெட்டி, சார்ஜர், விளக்கு எதுவும் தரையில் இருக்கக் கூடாது, அவற்றை மாட்டுவதும் பிடுங்குவதும் அந்த நேரத்தில் வேண்டாம். படம் நின்றால் நிற்கட்டும்.

எடிட்டிங்கில் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர் வரிசை. கேமரா படங்களுக்கு இடும் எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-க்குப் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் கடைசி வாரப் படம் முதல் வாரத்துக்கு முன்னால் வந்து நிற்கும், அல்லது பழையதை அழித்து எழுதும். ஒவ்வொரு நாளையும் தனி ஃபோல்டரில் தேதி போட்டு வையுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள், எண் தொடர்ந்து வரும் படங்களை ஒரே கிளிப்பாக எடுத்துக்கொள்ளும். நடுவில் அழித்த இடங்களில் தொடர் அறுந்துவிடும், ஆகவே வேண்டாததை நீக்கிய பிறகு மொத்தமாக மறு எண் இட்டு இறக்குமதி செய்யுங்கள். மிச்சமிருக்கும் துடிப்புக்கு அதன் கட்டணப் பதிப்பில் டீஃபிளிக்கர் (துடிப்பை நீக்கும்) வசதி உண்டு.

டைம்லாப்ஸில் ஒலி இருக்காது. ராட்செட் சத்தம், ஹாய்ஸ்ட் சங்கிலி, டார்க் ரெஞ்ச் கிளிக் எல்லாவற்றையும் போனில் தனியாகப் பதிந்து வையுங்கள். முதல் ஸ்டார்ட்டை மட்டும் சாதாரண வீடியோவாக, ஒலியோடு, ஆட்டோ கெயினை (ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைப்பது) அணைத்து எடுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் பற்றும் நொடியில் மைக் ஒலியை அமுக்கிவிடும்.