வாசகர் கேள்வி – பதில்: வயதுக் கட்டுப்பாடு யாருக்கு?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. அவள் இன்ஸ்டகிராமில் கணக்கு வைத்திருப்பது, முன்பின் அறியாத ஒருவர் "சீருடையுடன் ஒரு படம் அனுப்பு" என்று அவளுக்கு எழுதியிருந்ததைக் கண்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவுஸ்திரேலியாவில் உள்ளதுபோல் இலங்கையிலும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகத் தடை வந்தால் எங்களுக்கு நிம்மதி கிடைக்குமா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று. அந்தச் செய்தியை அழித்துவிடாமல் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். மகளை ஏசினால், அடுத்த முறை இப்படி ஒன்று வரும்போது அவள் உங்களிடமிருந்துதான் முதலில் மறைப்பாள்.

கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டைக் கேட்கும் திரையில் உங்கள் மகள் விரலால் சற்று வேகமாகச் சுழற்றியிருப்பாள்; அவ்வளவுதான் தடுப்பு. கணக்குத் திறக்க 13 வயதாகியிருக்கவேண்டும் என்ற இன்ஸ்டகிராமின் எல்லையும் பிள்ளைகளின் மனநலத்தை ஆராய்ந்து வைத்ததன்று. 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டக்கூடாது என்று 1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்திலிருந்து பிறந்த எல்லை அது.

2025 டிசம்பர் 10ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அவுஸ்திரேலியச் சட்டத்தில் நான் மதிப்பது 16 என்ற எண்ணையல்ல, பொறுப்பை அது யார் தலையில் வைத்திருக்கிறது என்பதையே. வயது குறைந்தவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்கு 4 கோடியே 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம் விதிக்கலாம்; பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. ஆயினும் வட்ஸ்அப் போன்ற செய்திச் சேவைகள் அதில் அடங்கவில்லை என்பதையும், கணக்கில்லாமலே யூடியூப் பார்க்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். ரியூசன் வகுப்பின் பாடக்குறிப்புகளெல்லாம் வட்ஸ்அப் குழுவில் வரும் நம் வீடுகளில், கைபேசி எப்படியும் பிள்ளையின் கைக்குப் போகத்தான் போகிறது.

நம் நாட்டில் 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சிறுவர் துஷ்பிரயோகத்தைக் குற்றமாகச் சொல்கிறது. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் யார் என்ன சொன்னார் என்பதிலேயே இருக்கிறது. அறிமுகமில்லாத பெரியவர் ஒருவரின் செய்தி 12 வயதுப் பிள்ளையிடம் ஏன் போய்ச் சேரவேண்டும், ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது ஏன் தானாக ஓடவேண்டும் என்று நிறுவனத்தைக் கேட்கும் விதிகள் அதில் இல்லை. நான் வேண்டுவது அந்த விதிகளையே.

கேள்வி: கணக்குத் திறக்கத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கட்டாயமாக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
– ஓர் ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: 15 வயதில்தான் அடையாள அட்டை கிடைக்கிறது என்பதால், 14 வயதுப் பிள்ளை தகப்பனாரின் இலக்கத்தைப் போட்டுவிடும். நாட்டிலுள்ள அத்தனை பேரின் அடையாள இலக்கங்களையும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைப்பது அதைவிடப் பெரிய தலையிடி. சேவைகளை முழுதாக முடக்கலாம் என்று அடுத்து எழுதுவீர்களாயின், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்செயலின்போது பேஸ்புக் முடக்கப்பட்டதை நினைவுபடுத்துகிறேன். முடக்கிய தளங்களையும் திறக்க உதவும் விபிஎன் என்ற சொல்லை நம்மில் பலர் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான். சில வீடுகளில் கற்பித்தவர்களே பிள்ளைகள்.