கடலூர் முதுநகர்: பழைய ஆன்டெனாவுக்குப் பூஸ்டர் வாங்கலாமா?

சார், மாடியில் நிற்கும் பழைய ஆன்டெனாவைப் புது டிவியில் மாட்டினால் வெறும் புள்ளிதான் தெரிகிறது, பூஸ்டர் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். காசை வீணாக்காதீர்கள். தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022க்குள் ஏறக்குறைய முழுவதும் மூடிவிட்டது. வராத சிக்னலைப் பூஸ்டர் எங்கே போய்ப் பிடிக்கும்? இரைச்சலைத்தான் பெருக்கும்.

மாதக் கட்டணம் கூடாது என்றால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போடுங்கள். டிஷ் பார்க்க வேண்டியது ஜிசாட்-15 செயற்கைக்கோளை; அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. நம்மூரிலிருந்து தென்கிழக்கில், சுமார் 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதனால் சற்றுத் தள்ளி நிற்கும் தென்னை பெரும்பாலும் மறைக்காது. டிஷ்ஷைத் திருப்பும்போது டிவித் திரையில் தெரியும் 'ஸ்ட்ரென்த்' எண்ணை நம்பாதீர்கள், டிஷ் வானத்தில் எங்கே பார்த்தாலும் அது ஏறியே நிற்கும். 'குவாலிட்டி' எண்ணைப் பார்த்து இம்மி இம்மியாகத் திருப்புங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். எல்என்பியில் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) ஒயர் சேருமிடத்தில் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். அதற்குக் கீழே ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் சொட்டிவிடும். ஏற்கெனவே செப்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் அந்த நுனியை வெட்டி எறியுங்கள்.

பழைய ஆன்டெனா பைப்பிலேயே டிஷ்ஷை மாட்டலாம் என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பலத்த காற்றில் அது தாங்காது; 2011-ல் 'தானே' என்ற புயலைப் பார்த்த ஊர் இது.