அந்த முகத்தில் என்ன தெரிகிறது?
வாசகர் கேள்விகள், படம் எடுத்தவரின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வயலின் கலைஞரை நான் எடுத்த நான்கு கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்திருந்தன. பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. முதல் படத்தில் கண்ணை மூடி வாசிக்கிறார். இரண்டாவதில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வயலினோடு குனிந்திருக்கிறார். மூன்றாவதில் நேராக நம்மைப் பார்க்கிறார். நான்காவது, முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. பார்த்ததும் மனதில் பட்டதை எழுதச் சொல்லியிருந்தோம். எழுதியவர்களில் பாதிப் பேர் அபிப்பிராயத்தோடு நிறுத்தாமல் கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். சரி, அதுவும் நல்லதுதான்.

கேள்வி: இரண்டாவது படத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. என் கணவர் போன பிறகு நானும் இப்படித்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அவருக்கு என்ன துக்கம்? சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியை)

சொல்லக்கூடியதுதான் அம்மா. அவர் புதுத் தந்தி மாட்டியிருந்தார். புதுத் தந்தி கொஞ்ச நேரத்துக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகுவார், விரலால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பார், தலையைச் சாய்த்துக் கேட்பார். புருவம் சுருங்கியதும் உதடு இறுகியதும் அதனால்தான். துக்கம் எதுவும் இல்லை. எரிச்சல் வேண்டுமானால் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இதைக் கேட்டு, அழுதது வீணாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். அந்தப் படத்தில் அழ வைக்கிற சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. மறுபக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்திருந்தால் அந்தப் பாதி முகமும் தெளிந்திருக்கும். நான் பிடிக்கவில்லை, இருட்டிலேயே விட்டேன். இமை தாழ்ந்திருக்கிறது, தோள் முன்னால் வளைந்திருக்கிறது, சுற்றிலும் வெறும் சுவர். துக்கத்தில் இருக்கிற உடம்பும் ஏறக்குறைய இந்த உருவத்துக்குத்தான் வரும்.

ரஷ்ய சினிமா இயக்குநர் லெவ் குலேஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு சோதனை உண்டு. இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டு, என்ன நடிப்பு என்று வியந்தார்களாம். சினிமாவில் அடுத்த காட்சியை இயக்குநர் ஒட்டுகிறார். ஒற்றைப் புகைப்படத்துக்கு அடுத்த காட்சி என்று எதுவும் கிடையாது. அதைப் பார்க்கிறவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்கிறார். நீங்கள் ஒட்டியது உங்கள் வீட்டு ஜன்னலை. அந்த அழுகை உண்மையானது. அந்த வயலின் கலைஞர் அன்று துக்கத்தில் இருந்தார் என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: முதல் படத்தில் அவருக்கு வலியா, ஆனந்தமா? எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டையே வந்துவிட்டது. (கல்லூரி மாணவர்)

முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் தீர்ப்பே வராது. 2012இல் அவியேசர், ட்ரோப், டோடரோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். டென்னிஸ் ஆட்டத்தில் முக்கியமான ஒரு புள்ளியை வென்ற நொடியிலும் இழந்த நொடியிலும் வீரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற படங்களைச் சேகரித்து, முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினார்கள். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. முகத்தை மறைத்துவிட்டு உடம்பை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது ஆனந்தமும் வேதனையும் முகத்தை ஒரே மாதிரி கசக்கிவிடுகின்றன.

அதனால் கட்டைவிரலால் அவர் முகத்தை மூடிக்கொண்டு மற்றதைப் பாருங்கள். தோள் தளர்ந்திருக்கிறது. வில் பிடித்த மணிக்கட்டு மிருதுவாக வளைந்திருக்கிறது. வலியில் இருக்கிறவருக்குக் கை அப்படி இருக்காது. ஷட்டர் திறந்திருந்தது 250இல் ஒரு பங்கு விநாடி. அதற்கு அடுத்த ஃபிரேமில் ஆள் தும்மப் போகிறவர் மாதிரி இருக்கிறார். அதை அச்சிட்டிருந்தால் உங்கள் வீட்டில் சமாதானம் நிலவியிருக்கும்.

கேள்வி: மூன்றாவது படத்தில் தலைக்கனம் அப்பட்டமாகத் தெரிகிறது. இப்படிப்பட்டவர் வாசிப்பதை நான் கேட்க மாட்டேன். (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

கேட்காமல் இருப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தத் தலைக்கனத்தில் பெரும் பங்கு என்னுடையது. கண்குழியில் நிழல் விழுகிறதே என்று தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். நானோ தரையில் உட்கார்ந்து எடுத்தேன். கேமரா கீழே, தாடை மேலே என்றால் சாதுவான மனிதர்கூட நம்மை மேலிருந்து பார்ப்பதாகத்தான் தோன்றும். இதே படத்தைப் பார்த்து "பாவம், மிரண்டு போயிருக்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "நேர்மையான கண்கள்" என்று இன்னொருவர். மூவரும் பார்த்தது ஒரே தாளை.

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோட நமக்கு ரொம்ப நேரம் தேவைப்படுவதில்லை. நான் மேலே சொன்ன டோடரோவும் ஜேனின் வில்லிஸும் 2006இல் செய்த ஆய்வில், பத்தில் ஒரு பங்கு விநாடி முகத்தைக் காட்டியதுமே ஆட்கள் தீர்மானத்துக்கு வந்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்மானம் பெரிதாக மாறவில்லை, அதன் மேல் உறுதிதான் ஏறியது.

இசை கேட்பதிலும் கண் புகுந்து விளையாடுகிறது. சியா-ஜங் சாய் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட சோதனைகளில், இசைப் போட்டிகளின் வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்தவர்கள் வெற்றியாளரை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கு அது வரவில்லை. இசையில் தேர்ந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. அதனால் உங்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன். ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு அவர் வாசிப்பதைக் கேளுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு எந்தப் படத்திலும் உணர்ச்சி எதுவும் வரவில்லை. முதல் படத்தில் வில் விரல்பலகைப் பக்கம் நகர்ந்திருக்கிறது, நாதம் சன்னமாக வந்திருக்குமே என்றுதான் பார்த்தேன். என்னிடம் ஏதாவது கோளாறா? (வயலின் மாணவி)

வந்த கடிதங்களிலேயே என்னைக் குதிக்க வைத்தது உங்களுடையதுதான்! தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் வில்லை அழுத்தி இழுத்தால் நாதம் கூர்மையாக, கணீரென்று வரும். விரல்பலகைப் பக்கம் போகப் போக மிருதுவாகிவிடும். அவர் அந்த நொடியில் மிகச் சன்னமாகத்தான் வாசித்தார். ஷட்டர் சத்தம் குறுக்கே விழுமே என்று நானே தயங்கித்தான் அழுத்தினேன். மற்ற எல்லாரும் அந்தப் படத்தில் "பொங்கும் உணர்ச்சி", "ஆவேசம்" என்று எழுதியிருக்கிறார்கள். நடந்ததைச் சரியாகப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தீர்கள். இது கோளாறு என்றால் இசைக் கலைஞர்களைப் படமெடுக்கிற எல்லாருக்கும் இந்தக் கோளாறு வரட்டும்.

கேள்வி: நான்காவது படத்தில் முகமே இல்லை. ஆனாலும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இது ஏன்? (வங்கி ஊழியர்)

இதற்குப் பதிலாக வேறொருவர் எடுத்த படத்தைப் பற்றிச் சொல்கிறேன். யூசுஃப் கார்ஷ் என்ற கனடா நாட்டுப் போர்ட்ரெய்ட் கலைஞர் முகங்களுக்குப் பேர்போனவர். 1941இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கி, அவர் முறைத்த முறைப்பைப் படமாக்கியவர். அப்படிப்பட்டவர் 1954இல், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செலோவில் மேதையான பாப்லோ கசால்ஸைப் படமெடுக்கப் பிரான்ஸின் பிராத் ஊருக்குப் போனார். பக்கத்திலிருந்த பழைய மடாலயத்தில், கல்சுவரைத் தவிர எதுவுமில்லாத ஒரு அறையில் கசால்ஸ் பாஹ்கின் இசையை வாசிக்க ஆரம்பித்தார். கார்ஷ் தன்னை மறந்து கேட்டுக்கொண்டு நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறார். கடைசியில் எடுத்தது முதுகைத்தான். அதற்கு முன்னால் யாரையும் அவர் அப்படி எடுத்ததில்லை. வழுக்கைத் தலை, குனிந்த முதுகு, செலோ, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், சுற்றிலும் கல். அவ்வளவுதான் படம்.

அந்தப் படம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, ஒரு முதியவர் நாள்தோறும் வந்து அதன் எதிரில் வெகுநேரம் நிற்பாராம். அருங்காட்சியகத்துக்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் போய், ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சும்மா இரு தம்பி, இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தெரியவில்லையா என்ற பொருளில் முதியவர் அதட்டினாராம். கார்ஷ் சொன்ன கதை இது.

முகம் தெரிந்தால் நாம் உடனே முகத்தைப் படிக்கப் போய்விடுகிறோம். சோகமா, கர்வமா, நல்லவரா என்று. முதுகில் படிக்க அதிகம் இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து நம்மை எடைபோடவும் இல்லை. நாம் அவருக்குப் பின்னால், அவர் பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கச்சேரி நடக்கும்போது அறைக்குள் மெதுவாக நுழைந்துவிட்டவரின் இடம் அது. கூடவே ஒன்று: சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியிலிருந்த தன் நாடான ஸ்பெயினுக்குத் திரும்ப மறுத்து கசால்ஸ் பிராத்தில் அகதியாக வாழ்ந்தார். இது தெரிந்தவருக்கு அந்தச் சின்ன ஜன்னல் சிறை ஜன்னலாகத் தெரியும். தெரியாதவருக்குத் தியான அறையாகத் தெரியும்.

கேள்வி: பழைய காலத்து இசைக் கலைஞர்கள் படங்களில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லையே? பியானோ இசை மேதை ஷோப்பானின் படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. (பியானோ கற்கும் சிறுமியின் தந்தை)

வெள்ளி பூசிய தகட்டில் பதிக்கும் அந்தக் காலத்து டேகரோடைப் படத்துக்குப் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அத்தனை நேரம் சிரிப்பைப் பிடித்து வைத்தால் அது சிரிப்பாக இருக்காது. தலை ஆடாமலிருக்கப் பின்னால் கம்பித் தாங்கி வைப்பதும் உண்டு. பிஸ்ஸோன் எடுத்த அந்த ஷோப்பான் படம் 1840களின் கடைசியைச் சேர்ந்தது. அவர் 1849 அக்டோபரில், 39 வயதில் இறந்தார். உண்மையிலேயே உடம்பு மோசமாக இருந்த காலம் என்பதால், அந்தக் களைப்பு முழுக்க நம் கற்பனை இல்லை. ஆனாலும் மரணத் தேதி தெரிந்த பிறகு பார்க்கிறவருக்கு அந்த முகம் இன்னும் இருண்டுவிடுகிறது. உங்கள் மகளிடம் தேதியைச் சொல்லாமல் காட்டிப் பாருங்கள். காய்ச்சலில் இருக்கிற வாத்தியார் என்று சொன்னாலும் சொல்வாள்.

கேள்வி: நான்கையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தது ஆழம் கொடுப்பதற்காகவா? (பல வாசகர்கள்)

ஒரு படம் எடுத்த மேடையில் ஊதா எல்ஈடி விளக்கு போட்டிருந்தார்கள். மனிதர் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தார். மீதி மூன்றும் அதோடு பொருந்த வேண்டுமே என்று எல்லாவற்றையும் மாற்றினேன்.

கேள்வி: கையில் வாத்தியம் இல்லாமல் ஒருவரை இசைக் கலைஞர் என்று காட்ட முடியுமா? (ஓவிய ஆசிரியர்)

இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இரண்டு படங்களைத் தேடிப் பாருங்கள். 1946இல் ஆர்னால்ட் நியூமன் எடுத்ததில், திறந்து நிற்கும் பியானோ மூடி படம் முழுவதையும் கறுப்பாக ஆக்கிரமித்திருக்கும். மனிதர் ஓரத்தில் சின்னதாக, கையில் தலையைச் சாய்த்திருப்பார். எடுக்கச் சொன்ன 'ஹார்ப்பர்ஸ் பஸார்' பத்திரிகை அதை வேண்டாம் என்றுவிட்டது. பின்னால் நியூமனின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் படமாக அதுதான் ஆனது. 1948இல் இர்விங் பென் எடுத்ததில் வாத்தியமே கிடையாது. ஒரு கையைக் காதருகில் குவித்துக் கேட்கிறார், அவ்வளவுதான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நியூமன் படம் மூளையால் செய்தது, பார்த்ததும் 'அடடா' என்போம். பென் படத்தைப் பார்த்தால் நாமும் காதைத் தீட்டிக்கொள்கிறோம்.

கேள்வி: என் தோழி பாடகி. கேமராவைத் தூக்கினாலே விறைத்துப் போகிறாள். என்ன செய்வது? (புதிதாகக் கேமரா வாங்கியவர்)

முதலில், பாடுவது போலப் போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். வாய் திறந்திருக்கும், தொண்டையிலும் கழுத்து நரம்பிலும் வேலை இருக்காது. பாடத் தெரிந்த யாருக்கும் அது பொய் என்று தெரிந்துவிடும். நிஜமாகவே பாடச் சொல்லுங்கள். அவருக்கு இன்னும் பிடிபடாத, பாடமாகாத ஏதாவது ஒன்றைப் பாடச் சொன்னால் ரொம்ப நல்லது. கவனமெல்லாம் அதில் போய்விடும், கேமரா மறந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் போதும். 85 எம்எம் லென்ஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தள்ளி நிற்கலாம், மூக்கும் பெரிதாகத் தெரியாது. ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள். பாட்டு முடிந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். முடித்த அடுத்த இரண்டு மூன்று விநாடிகளில், சரியாக வந்ததா என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு முகம் வரும். அதை எடுங்கள். எடுத்ததும் ஓடிப்போய்த் திரையில் காட்டாதீர்கள். ஒரு முறை பார்த்துவிட்டார் என்றால் அடுத்த பாட்டு முழுக்கத் தன் இரட்டைத் தாடையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்.